நடந்து போறவனுக்கு ஒரு கடவு

வேலியில் ஆள் போக வர விடுற இடத்தை எங்க பக்கம் கடவுன்னு சொல்வோம். காட்டைச் சுத்தி முள்வேலி போட்டாலும், காலங்காலமா ஆள் நடந்த தடம் குறுக்கே போச்சுன்னா அந்த இடத்துல கடவு விட்டே ஆகணும். விடலைன்னா நாலே நாள்ல யாராவது வேலியைப் பிரிச்சுப் போட்டிருப்பாங்க. அவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. தடம் முந்தியது, வேலி பிந்தியது.

ரயில்வே லைனும் ஒரு நீளமான வேலிதான். ஊரையும் காட்டையும் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போகுது. இந்த வேலியில் நடந்து போறவனுக்கு யார் கடவு விட்டாங்க, எப்படி விட்டாங்கங்கறது கிட்டத்தட்ட 200 வருஷத்துக் கதை.

1830 செப்டம்பர் 15-ம் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில் பாதையின் திறப்பு விழா. வழியில் பார்க்சைடு என்ற இடத்தில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. இறங்க வேண்டாம்னு சொல்லியும் பெரிய மனுஷங்க பலர் இறங்கி நடந்தாங்க. அவர்களில் ஒருவர் வில்லியம் ஹஸ்கிஸன், நாடாளுமன்ற உறுப்பினர். பக்கத்துத் தண்டவாளத்தில் 'ராக்கெட்' என்ற இன்ஜின் வந்தது. ஒதுங்கத் தெரியாமல் தடுமாறிய அவர் அதில் அடிபட்டு அன்று இரவே இறந்துபோனார். ஆக, ரயில் சரித்திரத்தில் பெரிசாப் பேசப்பட்ட முதல் சாவே தண்டவாளத்தில் கால்நடையாக நின்றவருடையதுதான். அதுவும் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டு இன்னொரு வண்டியைக் கவனிக்காத சாவு. இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி திரும்ப வரும்.

அதன்பின் இங்கிலாந்தில் ரயில் பாதைகள் சரசரன்னு பெருகின. 1845-ல் ரயில் கம்பெனிகளுக்குன்னு ஒரு பொதுச் சட்டம் வந்தது. வண்டிப் பாதை குறுக்கிட்டால் கேட் போட்டு ஆள் நிறுத்தணும். நிலம் ரெண்டாப் பிளந்துபோன விவசாயிக்கு அவசியப்பட்ட கேட், பாலம், கால்வாய் எல்லாம் கம்பெனி செலவில் கட்டித் தரணும். நடைபாதை குறுக்கிட்டால்? ரெண்டு பக்கமும் ஒரு சின்ன கேட், இல்லைன்னா வேலி மேல ஏறி இறங்க ரெண்டு மூணு மரப்படி. ஆள் தாண்டலாம், மாடு தாண்டாது. அவ்வளவுதான். வண்டிக்காரனுக்குக் காவலாள், நடக்கிறவனுக்கு அவன் கண்ணும் காதும்.

அன்றைக்கு அது பெரிய குறையாத் தெரியலை. வண்டி மெதுவா வந்தது, புகையும் சத்தமும் தூரத்திலேயே தெரிஞ்சது. கோயிலுக்கும் மாவு மில்லுக்கும் வேலைக்கும் போன கிராமத்து ஆளுங்க நடந்த பாதைகள்தான் அவை. பிற்பாடு அந்தப் பாதைகளின் சோலி மாறியது. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமா அத்துமீறி நடந்து, நடக்கிற உரிமையைக் கேட்டார்கள். 1949-ல் வந்த சட்டம், பொது நடைபாதைகளை வரைபடத்தில் குறித்து வைக்கச் சொன்னது. விவசாயக் கூலி நடந்த தடத்தில் இன்னைக்கு நகரத்து ஆளுங்க ஞாயித்துக்கிழமை முதுகுப்பையோட நடக்கிறாங்க. தடம் அதேதான். தண்டவாளத்தில் வர்ற வண்டியின் வேகம்தான் மூணு நாலு மடங்கு ஆயிருச்சு.

அதுக்குக் கொடுத்த விலைக்கு ஒரு உதாரணம் எல்சன்ஹாம். கேம்பிரிட்ஜ் பக்கம் போகும் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷன். தண்டவாளத்தைக் கடக்க நடைபாதை, ரெண்டு பக்கமும் சின்ன கேட், சிவப்பு விளக்கு, எச்சரிக்கை ஒலி எல்லாம் இருந்தது. கேட்டுக்குப் பூட்டு மட்டும் கிடையாது. 2005 டிசம்பர் 3-ம் தேதி 13, 14 வயசுள்ள ரெண்டு பொண்ணுங்க ஒரு ரயில் போகும்வரை நின்று, அது போனதும் கேட்டைத் திறந்து நடந்தாங்க. எதிர்த் திசையில் வந்த இன்னொரு ரயில் அடித்தது. விளக்கும் சிவப்பாத்தான் இருந்தது, ஒலியும் நிற்கலை. தாங்கள் பார்த்த ரயிலுக்குத்தான் அந்த ஒலின்னு பிள்ளைங்க நினைச்சிருக்கணும். பார்க்சைடில் நடந்த அதே ரெண்டாவது வண்டி, 175 வருஷம் கழிச்சு!

2007-ல் அங்கே நடைமேம்பாலம் வந்தது. அந்த இடம் ஆபத்தானதுன்னு எச்சரித்த உள்குறிப்பு ஒன்று 2001-லேயே எழுதப்பட்டிருந்தது, ரொம்பத் தாமதமாத்தான் வெளியே தெரிஞ்சது. 2012-ல் நெட்வொர்க் ரயில் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 10 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. தப்பு கடந்தவங்க மேல மட்டும் இல்லை, கடவு வச்சவங்க மேலயும் இருக்குன்னு ஒரு கோர்ட் சொன்னது அது.

சரியாச் செஞ்ச இடமும் இருக்கு. அமெரிக்காவில் அப்பலாச்சியன் டிரெயில்னு சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள மலை நடைபாதை, ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரைக்கும். நடக்கிறதுக்குன்னே 1937-ல் முழுசா இணைச்சாங்க. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில் அது போட்டோமாக் ஆற்றைத் தாண்டணும். அங்கே சரக்கு ரயில் ஓடும் பாலம் ஒன்று இருக்கு. அதன் விலாவிலேயே தனி நடைபாதையை ஒட்டவைத்து, நடுவில் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ரயில் தன்பாட்டுக்கு ஓடும், ஆள் தன்பாட்டுக்கு நடப்பான். அதுவும் சாசுவதம் இல்லைங்க. 2019 டிசம்பரில் சரக்கு ரயில் தடம்புரண்டு பெட்டிகள் ஆற்றில் விழுந்து, நடைபாதையும் உடைஞ்சு போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. 2020 ஜூலையில் மறுபடி திறந்தாங்க. உடைஞ்சதுதானேன்னு அப்படியே விட்டுவிடவில்லை பாருங்க.

இப்ப நம்ம கதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தது. 1890-ல் வந்த இந்திய ரயில்வே சட்டத்திலும் நிலத்துக்காரனுக்குக் கடவும் பாலமும் கட்டித் தரணும்னு இருந்தது. கூடவே ஒரு கெடுவும் இருந்தது. பாதை திறந்து 10 வருஷம் ஆனபிறகு புதுசா எதுவும் கட்டித்தர ரயில்வே கடமைப்பட்டதில்லை. 1989 சட்டத்திலும் அந்தக் கெடு தொடருது. 10 வருஷத்துக்கு அப்புறம் ஊர் வளரும், அக்கரையில் பள்ளிக்கூடம் வரும், ரேஷன் கடை வரும். தடம் மாறும், சட்டக் கெடு மாறாது. அதே 1989 சட்டத்தின் 147-வது பிரிவுப்படி கேட் இல்லாத இடத்தில் தண்டவாளத்தில் கால் வைத்தால் அத்துமீறல். 6 மாசம் வரை ஜெயில், இல்லைன்னா 1,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும்கூட சேர்ந்து வரலாம்.

எந்த கேட்டுக்கு முன்னுரிமைன்னு தீர்மானிக்க ரயில்வேயில் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை, கடக்கும் வண்டிகளால் பெருக்குவார்கள். மோட்டார் வண்டிக்கு 1, மாட்டு வண்டிக்கும் 1, ஆட்டோவுக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் அரை. நடந்து போறவன்? அந்தக் கணக்கில் அவனுக்கு எண்ணே கிடையாது. மாடு பூட்டினா ஒண்ணு, மாட்டை அவுத்துக்கிட்டு நடந்தா பூஜ்யம்!

2012-ல் அனில் ககோட்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்புக் குழு, தண்டவாளத்தைக் கடந்து சாகிறவர்கள் வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர், அதில் 6,000 பேர் மும்பை புறநகர் பாதையில் என்று சொன்னது. 2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங் எல்லாத்தையும் ஒழிச்சாங்க. வண்டிகளுக்கு அது நிஜமாவே பெரிய காரியம். ஆனா பல இடத்தில் கேட்டுக்குப் பதிலா வந்தது சுரங்கப்பாதை. மழை பேஞ்சா அது குளம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படித் தேங்கின தண்ணியில் கார் மூழ்கி ஓர் உயிர் போச்சு. தண்ணி நிக்கிற நாளில் நடக்கிறவன் என்ன செய்வான்? மேலே ஏறி தண்டவாளத்தைத்தான் தாண்டுவான்.

"பார்த்துப் போகக்கூடாதா?"ன்னு கேட்பீங்க. ஒரு கணக்குப் போடுவோம். ரெட்டைத் தண்டவாளத்தை முழுசாத் தாண்ட சுமார் 9 மீட்டர் நடக்கணும். நல்ல ஆளுக்கு ஏழெட்டு விநாடி. தலையில் புல்லுக்கட்டோட போற வயசானவங்களுக்கு 12 விநாடி. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் அந்த 12 விநாடியில் 360 மீட்டருக்கு மேல் வந்துவிடும். 300 மீட்டரில் ஒரு வளைவு இருந்தால், அவங்க கால் எடுத்து வைக்கிறப்ப ரயில் கண்ணுக்கே தெரியாது. கண் இருந்து என்ன பண்றது?

அதனால கடவு கட்டுறதுன்னா இதுதான் வேலை. மேலேயோ கீழேயோ கொண்டுபோக முடிஞ்சா அதுதான் முதல். மேம்பாலம்னா சாய்தளம் வேணும், இல்லைன்னா முட்டிவலிக்காரங்க ஏறமாட்டாங்க. சுரங்கம்னா தண்ணி வெளியேறப் பள்ளமான இடம் பார்த்து வடிகால் வேணும். தரைமட்டத்தில்தான் வைக்கணும்னா வேலியை வளைச்சு வளைச்சு வச்சு, நடக்கிறவன் ரயில் வர்ற திசையைப் பார்த்துத் திரும்பித்தான் உள்ளே வரணும்னு செய்வாங்க. பாதை தண்டவாளத்தை நேர்குறுக்கா வெட்டணும், சாய்வா வெட்டினா சைக்கிள் சக்கரம் இடுக்கில் மாட்டும். ரெண்டாவது வண்டி வருதுன்னு தனியாச் சொல்லணும், ரயில் போகும்வரை கேட் தானாப் பூட்டணும். எல்லாத்துக்கும் மேல, கால் ஏற்கெனவே போட்ட தடத்தில் கட்டணும். அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கட்டினா கல்வெட்டு மட்டும் மிஞ்சும்.

ஒண்ணு செய்யலாம். உங்க சொந்த ஊர் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் இருந்தால், அடுத்த தடவை போறப்ப காலையில் 6 மணியிலிருந்து 9 மணி வரை எத்தனை பேர் நடந்து தாண்டறாங்கன்னு எண்ணி எழுதுங்க. பள்ளிக்கூடப் பிள்ளை எத்தனை, வயசானவங்க எத்தனைன்னு பிரிச்சு எழுதுங்க. ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடும். அந்தத் தாளை அங்கே வச்சு, தீர்மானம் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கும் ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கும் அனுப்பச் சொல்லுங்க. அவங்க கணக்கில் நடக்கிறவனுக்கு எண் இல்லைன்னா, அந்த எண்ணை நாமதான் எழுதிக் கொடுக்கணும்.