அந்த மெத்தை ஆருக்குச் சொந்தம்?

1999ஆம் ஆண்டு கேசி ஃபென்ரன் என்ற அமெரிக்க இளைஞருக்கு பொஸ்டனில் இருந்து ஐஸ்லாந்துக்குப் போக மலிவு விலையில் விமான ரிக்கெற் ஒன்று கிடைத்தது. தங்க இடமில்லை. ஐஸ்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் 1,500 பேருக்கு, உங்கட வீட்டில் தங்கலாமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். ஆர் எவரென்று தெரியாத ஒருவருக்கு ஐம்பது பேருக்கு மேல் வாங்கோ என்று பதில் போட்டார்கள். அந்தப் பதில்கள் தந்த தைரியத்தில் பிறந்ததுதான் கவுச்சேர்ஃபிங். ஃபென்ரனும் நண்பர்களும் 2003இல் அதை இலாப நோக்கற்ற நிறுவனமாகத் தொடங்கினார்கள். 2004இல் தளம் எல்லாருக்கும் திறந்தது.

குறைந்த செலவில் உலகம் சுற்ற உதவும் பத்து அப், பதினைந்து அப் என்று பட்டியல்கள் எல்லா இடமும் வருகின்றன. நாங்களும் ஆளாளுக்கு அனுப்பிக்கொள்கிறோம். அந்தப் பட்டியல்கள் ஒரு அப் என்ன செய்யும் என்று மட்டும்தான் சொல்லும். அதை ஆர் செய்தது, இப்ப அது ஆரின் கையில் இருக்கு என்று சொல்லாது. இந்தக் கட்டுரையில் நாங்கள் மூன்று பொருட்களின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம்: படுக்கிற மெத்தை, வழிகாட்டிப் புத்தகம், வரைபடம். மூன்றையும் பயணிகளே கூலி வாங்காமல் கட்டினார்கள். மூன்றுமே பிறகு வியாபாரிகளின் கைக்குப் போயின. இரண்டைச் சனம் மீட்டெடுத்தது, ஒன்றை முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி.

தெரியாத ஆளின் வீட்டில் காசு குடுக்காமல் தங்குவது இணையம் கண்டுபிடித்த விசயமில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சூட்டோடு, 1949இல் டென்மார்க்கில் பொப் லூயிட்வைலர் என்ற அமெரிக்கரும் அவருடைய தோழர்களும் தொடங்கிய இயக்கம் பிறகு 'செர்வாஸ்' என்று பெயரெடுத்தது. எஸ்பெராந்தோ மொழியில் அதற்குச் சேவை செய்தல் என்று பொருள். நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த நாட்டுக்காரர் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டால் அடுத்த போர் கொஞ்சமாவது கஷ்டப்படும் என்பது அவர்களின் நம்பிக்கை. போருக்குப் பிறகு வளர்ந்த எங்களுக்கு அந்த நம்பிக்கை வெகுளித்தனமாகத் தெரியவில்லை. 1974இல் எஸ்பெராந்தோ பேசுகிறவர்கள் 'பஸ்போர்த்தா செர்வோ' என்ற முகவரிப் புத்தகத்தை உருவாக்கினார்கள். 2000இல் வைற் கூனே என்ற ஜேர்மன் மாணவர் 'ஹொஸ்பிற்றாலிற்றி கிளப்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். கவுச்சேர்ஃபிங் இந்த வரிசையில் பிந்தி வந்த பிள்ளை.

ஆனால் அது ஒரு விசயத்தைக் கெட்டித்தனமாகச் செய்தது. தங்கினவர் விருந்தளித்தவரைப் பற்றியும் விருந்தளித்தவர் தங்கினவரைப் பற்றியும் நாலு வரி எழுத வேண்டும். அந்தப் பரிந்துரைகள் எல்லாருக்கும் தெரியும். இருபது பேர் நல்ல ஆள் என்று எழுதியிருந்தால் இருபத்தோராவது ஆள் கதவைத் திறப்பார். தளத்தின் உண்மையான சொத்து அந்த நாலு வரிகள்தான், மெத்தையோ கணினியோ இல்லை. ஒரு பெண் தனியப் பயணம் போய் அறியாத ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதா இல்லையா என்று முடிவெடுப்பது அந்த வரிகளைப் பார்த்துத்தான். இந்த முறை எப்பவும் காப்பாற்றும் என்றும் இல்லை. ஏமாற்றமும் வன்முறையும் நடந்திருக்கின்றன.

2006 ஜூனில் தளத்தின் தரவுத்தளம் உடைந்துபோனது. எல்லாம் முடிந்தது, இனிக் கவுச்சேர்ஃபிங் இல்லை என்று ஃபென்ரனே அறிவித்துவிட்டார். விடமாட்டோம் என்றது உறுப்பினர்கள்தான். அந்த நேரம் மொன்றியலில் கூடியிருந்த தொண்டர்கள் இரவு பகலாக வேலை செய்து அடுத்த மாதமே தளத்தை மீண்டும் திறந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமில்லை. தங்கட வீட்டுக் கூரை பறந்தால் ஊர் கூடி ஓலை போடுமே, அந்த மாதிரி நினைத்திருப்பார்கள்.

அந்த வீடு தங்கட இல்லை என்று ஐந்து வருசம் கழித்துத்தான் தெரிந்தது. 2011இல் அமெரிக்க வரித் திணைக்களம் அதற்குத் தொண்டு நிறுவன அந்தஸ்தைத் தர மறுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கவுச்சேர்ஃபிங் இலாபம் பார்க்கிற கொம்பனியாக மாறி, 76 இலட்சம் டொலர் முதலீடு வாங்கியது. அடுத்த ஆண்டு இன்னொரு 150 இலட்சம் வந்தது. சும்மா கட்டிக் குடுத்தவர்கள் சத்தம் போட்டார்கள், கையெழுத்துச் சேர்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. 2020 மே மாதம், கொரோனாவில் உலகமே கதவைப் பூட்டியிருந்த நேரம், கனநாடுகளில் உறுப்பினர்கள் தளத்தைத் திறந்தபோது சந்தா கட்டச் சொல்லி ஒரு திரை நின்றது. தொகை பெரிசில்லை, மாதம் இரண்டு டொலரும் சில்லறையும். ஆனால் அதைக் கட்டாவிட்டால் பத்து வருசமாகத் தாங்கள் எழுதின, தங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதின எதற்குள்ளும் போகேலாது. பயணமே நின்றுபோய் வருமானம் வற்றிவிட்டது என்று கொம்பனி சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் வற்றாத காலத்திலும் அந்தச் சொத்து உறுப்பினர்களின் கையில் இருக்கவில்லை.

வழிகாட்டிப் புத்தகத்தின் கதை வேறு மாதிரிப் போனது. 1973இல் ரொனி வீலரும் மொறீன் வீலரும் ஆசியாவை மலிவாகக் கடப்பது பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். 'லோன்லி பிளனற்' தொடங்கியது அப்படித்தான். முப்பது வருசத்தில் அது பெரிய பதிப்பகம். ஆனால் அச்சுப் புத்தகத்தில் இருக்கிற விடுதி நீங்கள் போகும்போது பூட்டியிருக்கும், பஸ் நேரம் மாறியிருக்கும். 2003இல் இவான் புரொட்றோமூவும் மிஷெல் ஆன் ஜென்கின்ஸும் 'விக்கிட்ரவல்' தொடங்கினார்கள். போய் வந்தவர் எவரும் திருத்தலாம். 2006 ஏப்ரலில் அதை 'இன்ரர்நெற் பிராண்ட்ஸ்' என்ற கொம்பனி வாங்கியது. இங்கேயும் சனம் கொதித்தது. ஆனால் கொதித்ததோட நிற்கவில்லை.

அந்தத் தளத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமத்தின் கீழ் இருந்தது. எழுதினவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தோடு எவரும் எங்கேயும் கொண்டுபோகலாம். கொம்பனி வாங்கியது பெயரையும் முகவரியையும்தான், எழுத்தை அடைத்து வைக்க அதற்கு வழியில்லை. ஜேர்மன் மொழிக் குழு 2006 டிசம்பரிலேயே எல்லாக் கட்டுரைகளையும் தூக்கிக்கொண்டு 'விக்கிவொயேஜ்' என்று தனிக்குடித்தனம் போனது. 2012இல் ஆங்கிலக் குழுவும் கிளம்பியபோது கொம்பனி இரண்டு தொண்டர்கள் மேல் வழக்குப் போட்டது. வழக்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. அதற்கு முதலே, 2013 ஜனவரி 15 அன்று, விக்கிப்பீடியாவை நடத்துகிற விக்கிமீடியா அறக்கட்டளையின் கீழ் விக்கிவொயேஜ் திறந்துவிட்டது.

வரைபடத்துக்கும் இதேதான். வெளிநாட்டில் டேற்றாவுக்குக் காசு கட்டாமல் வழி பார்க்க இணையமில்லாமல் வேலை செய்கிற மப் வேணும். அப்படியான அப்களில் கனக்க, 2004இல் ஸ்ரீவ் கோஸ்ற் லண்டனில் தொடங்கிய 'ஓபன்ஸ்ட்ரீட்மப்' தரவில்தான் ஓடுகின்றன. ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து சனம் வரைந்த தரவு அது. அதை வைத்துப் பிரபலமான 'மப்ஸ்.மி' அப்பை 2014இல் ரஷ்யாவின் 'மெயில்.ரு' வாங்கியது. 2020இல் அது திரும்பவும் கை மாறியது. ஆனால் நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால் பழைய ஆட்கள் அதைப் பிரதியெடுத்து 2021இல் 'ஓர்கானிக் மப்ஸ்' என்று விட்டார்கள். அதன் நிர்வாகத்திலும் 2025இல் சண்டை வந்தது. ஒரு பகுதியினர் திரும்பப் பிரதியெடுத்து 'கோமப்ஸ்' தொடங்கினார்கள். சண்டை பிடித்துப் பிரிகிற வழக்கம் எங்கட ஊர்ச் சங்கங்களுக்கு மட்டும் உரியதில்லை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே பிரிகிறவர் வெறுங்கையோடு போகத் தேவையில்லை.

பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கட்டின தெருமூடி மடத்தைக் கனபேர் பார்த்திருப்பீர்கள். வழிப்போக்கர் இளைப்பாறட்டும் என்று கட்டினது. மடமோ கேணியோ தருமத்துக்கு விடுகிறவர்கள் தருமசாதனம் எழுதி வைப்பது எங்கட பக்கத்து வழக்கம். இது பொதுவுக்கு விட்டது, பிள்ளை பேரப்பிள்ளை விற்கேலாது என்று அதில் எழுதியிருக்கும். திறந்த உரிமம் ஏறக்குறைய அதுதான். விக்கிட்ரவலுக்கும் வரைபடத்துக்கும் சாதனம் இருந்தது. கவுச்சேர்ஃபிங்குக்கு இல்லை.

இருந்திருந்தாலும் சிக்கல்தான். ஊரைப் பற்றின குறிப்பைப் பிரதியெடுக்கலாம். என்னைப் பற்றி இன்னொருவர் எழுதின நம்பிக்கையை, அவரின் சம்மதமில்லாமல், அவர் இல்லாத இன்னொரு இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது? அது அவருடைய அந்தரங்கமும்தான். நம்பிக்கையில் கட்டின பொருள்தான் ஆகப் பெறுமதியானது, ஆனால் சுமந்துகொண்டு வெளியேற ஆகக் கஷ்டமானதும் அதுதான் என்பது எங்கட எண்ணம்.

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற எங்களுக்கு இதில் என்ன இருக்கு என்று கேட்கலாம். ஃபென்ரன் போல ரிக்கெற் எடுத்த கையோடு ஐஸ்லாந்துக்குக் கிளம்ப எங்களால் ஏலாது. ஷெங்கன் விசாவுக்கு வங்கிக் கணக்கு காட்டவேணும், 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி வேணும், தங்கும் இடத்துக்கு அத்தாட்சி வேணும். முகம் தெரியாத ஒருவரின் சோபா என்று விண்ணப்பத்தில் எழுதினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தச் சேவைகள் பலமான கடவுச்சீட்டை மனதில் வைத்துச் செய்தவை.

ஆனபடியால் எங்களில் கனபேர் விருந்தாளியாகப் போக முதல் விருந்தளிப்பவராகத்தான் இவற்றுக்குள் நுழைகிறோம். வெளிநாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நெடுந்தீவு போவது, எங்கட ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு விமர்சனம் எழுதுவது, கடையின் இடத்தை மப்பில் குறிப்பது. இதெல்லாம் உழைப்பு. ஒரு கொம்பனியின் தனிச் சொத்தான மப்பில் இடத்தைக் குறித்தால் அது அந்தக் கொம்பனியின் தரவு. ஓபன்ஸ்ட்ரீட்மப்பில் குறித்தால் நாளைக்கு எவரும் எடுத்து வேறொரு அப் செய்யலாம். குறிக்க எடுக்கிற நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

மெத்தைக்கும் மாற்றுகள் வந்திருக்கின்றன. ஹொஸ்பிற்றாலிற்றி கிளப்பில் இருந்து விலகிய தொண்டர்கள் 2007இல் தொடங்கிய 'பிவெல்கம்' பிரான்சில் பதிவான ஒரு சங்கத்தால் நடத்தப்படுகிறது. 2014இல் 'ட்ரஸ்ட்ரூட்ஸ்' வந்தது. 2020இல் திரை விழுந்த கையோடு பழைய கவுச்சேர்ஃபிங்காரர் சிலர் 'கவுச்சேர்ஸ்' என்று தொடங்கினார்கள். அதுவும் இலாப நோக்கற்றது, நிரலும் திறந்தது. சேர்வதற்குக் காசில்லை. விருந்தளிப்பவர்கள்தான் குறைவு. பழைய தளத்தில் நூறு பரிந்துரை சேர்த்து வைத்திருந்தவர்களும் அங்கே புது ஆள் மாதிரிப் பூச்சியத்தில் இருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.