தாள்: காலில் பிறந்த முயற்சி

பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ்களில் தலைமையாசிரியர் பெயருக்குப் பக்கத்தில் 'தாளாளர்' என்று ஒருவர் பெயர் இருக்கும். நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் அவர். தாள் என்றால் காகிதம்தானே, கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சொல்லின் வேரைத் தேடினால் காலடியில் போய் நிற்போம்.

தாள் என்பதன் பழைய பொருள் கால், பாதம். திருக்குறளின் கடவுள் வாழ்த்து அதிகாரத்தில் தாள் என்று வரும் இடமெல்லாம் இறைவன் திருவடிதான். மனிதனுக்குக் கால் எப்படியோ பயிருக்குத் தண்டு அப்படி. அதனால் பயிரின் அடியும் தாள் ஆயிற்று. எல்லாப் பயிருக்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவநேயப் பாவாணர் இதைத் துல்லியமாக வகுத்திருக்கிறார்: நெல், கேழ்வரகு போன்றவற்றின் அடி தாள், கம்புக்கும் சோளத்துக்கும் தட்டை, கீரைக்கும் வாழைக்கும் தண்டு, கரும்புக்குக் கழி. காவிரிப் படுகையில் குறுவை அறுத்த வயலில் அடுத்து நடும் போகத்துக்குத் 'தாளடி' என்று பெயர். அறுத்த பயிரின் அடித்தாள் நின்ற மண் என்பதால் வந்த பெயர் அது.

மூன்றாவது பொருள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தாள் என்றால் முயற்சி. திருக்குறளிலேயே ஒப்புரவறிதல் அதிகாரத்துக்கு வந்தால் தாள் என்பது பாடுபட்டு உழைப்பதைக் குறிக்கிறது. ஆள்வினையுடைமையில் அது 'தாளாண்மை' என்று வளர்ந்து நிற்கிறது. பரிமேலழகர் அதற்கு முயற்சி என்றே பொருள் எழுதினார். அதே குறளில் வள்ளுவர் வேளாண்மை என்ற சொல்லையும் வைத்தார். அன்று வேளாண்மை என்றால் பிறருக்கு உதவுவது. தாளாண்மை இருக்கும் இடத்தில்தான் வேளாண்மை தங்கும் என்பது அவர் முடிபு. தன் காலில் நிற்காதவன் பிறருக்குக் கை கொடுப்பது எப்படி?

சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரும் இங்கே நினைவுக்கு வருகிறது. அதில் பழவினை என்று ஓர் அதிகாரம் உண்டு. தாளாண்மை என்றும் ஓர் அதிகாரம் உண்டு. முன்வினையை அவ்வளவு ஆழமாக நம்பிய மரபுகூட, வருவது வரட்டும் என்று உட்காரச் சொல்லவில்லை. 'எல்லாம் தலையெழுத்து' என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது முன்னோரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயம் இல்லை.

காலுக்கும் முயற்சிக்கும் என்ன உறவு? என் கணிப்பு எளிமையானது. நடக்காமல் எதுவும் கிடைக்காத வாழ்க்கையில் பிறந்த பொருள் இது. மலையில் வாழ்கிறவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறோம். சாலை வருவதற்கு முன் மலையாளிப் பழங்குடி மக்கள் விளைச்சலைத் தலையில் சுமந்து இறங்கிய மலை அது. மழையை நம்பிய சரிவுகளில் சாமை, கேழ்வரகு, தினை விளைந்தன. சாமையிலேயே பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பல வகை உண்டு. அறுத்த தாளைக் களத்தில் பரப்பி மிதிக்கும்போது காலாகிய தாளும் பயிராகிய தாளும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

அதற்குப் பிறகுதான் பெரும்பாடு. கேழ்வரகை அப்படியே திரிகையில் இட்டு அரைத்துவிடலாம். சாமை அப்படி விடாது. மணி மிகச் சிறியது, உமி அதை இறுகப் பற்றியிருக்கும். வெயிலில் காயவைத்து, உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை. குத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ரேஷன் அரிசி வந்தது. சமவெளி சேகோ ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு பணப்பயிராக மலை ஏறியது. சாமை நிலம் சுருங்கியது. கையில் காப்புக் காய்த்த பெண் உலக்கையைக் கீழே வைத்தால் அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சிறுதானியத்தின் பெருமையை மேடையில் பேசி இதை மாற்றியிருக்க முடியாது. மாற்ற வேண்டியது உலக்கையை. 1988இல் சென்னையில் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கொல்லிமலையில் வேலையை ஆரம்பித்தது. ஊர்களுக்குள்ளேயே உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வந்தன. அவற்றை இயக்கும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்கள் ஏற்றன. விதை வங்கிகள் அமைத்து, விதை வாங்கியவர் அறுவடைக்குப் பின் திருப்பித் தரும் ஏற்பாட்டைச் செய்தார்கள். சாமை அரிசி, ரவை, கேழ்வரகு மாவு என்று பொட்டலம் போட்டு விற்கக் கற்றார்கள். இயந்திரம் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் பெல்ட் அறுந்தால் மாற்றுவதும், கரண்ட் வரும் நேரம் பார்த்து அரைப்பதும், கணக்கு எழுதுவதும் ஊர்க்காரர்களின் உழைப்பு.

இந்தியா முன்மொழிந்து ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நல்ல செய்திதான். அந்த அறிவிப்பு வரட்டும், விலை ஏறட்டும் என்று மலைப் பெண்கள் காத்திருந்தால், கொண்டாடுவதற்குள் பல விதைகள் கைவிட்டுப் போயிருக்கும். ஒரு பயிர் விதைக்கப்படாமல் கிடக்கக் கிடக்க அதன் விதையின் முளைப்புத் திறன் குறைந்துகொண்டே போகும். விதைக்குக் காத்திருக்கத் தெரியாது.

இன்று வேளாண்மை என்றால் பயிர்த்தொழில். கோவையில் அந்தப் பெயரில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. அதன் கூடப்பிறந்த தாளாண்மையோ பேச்சிலிருந்து மறைந்து, பள்ளி அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் 'தாளாளர்' என்ற ஒரு பதவியாக மட்டும் ஒதுங்கிக் கிடக்கிறது. பள்ளி நடத்துகிறவர்களிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டியதில்லை. அவர்களில் உண்மையாகப் பாடுபடுகிறவர்கள் நிறையப் பேர். அரவை இயந்திரத்தையும் விதை வங்கியையும் பொறுப்பேற்று நடத்தும் கொல்லிமலைப் பெண்ணுக்கும் அந்தப் பெயரைக் கொடுப்போம். குழுவின் பதிவேட்டில் 'தலைவி' என்று எழுதும் இடத்தில் 'தாளாளர்' என்று எழுதினால் இலக்கணம் ஒன்றும் கெடாது, சொல்லுக்கு அதன் பழைய பொருளும் திரும்பி வரும்.

ஆகாய கங்கை அருவியில் குளிக்கக் கொல்லிமலை போகிறவர்கள், இறங்கும் முன் சாமை அரிசி வாங்குங்கள். மலையிலேயே விளைந்து மலையிலேயே உமி நீக்கியதா என்று கேட்டு வாங்குங்கள்.