விருந்தினரும் பதிவேடும்

ஒரு வீடு எப்போது விடுதியாகிறது? கேட்க எளிய வினா. நியூயார்க் நகரம் இதற்கு விடை தேடிய வரலாறு நெடியது.

அந்நகரின் நெரிசல் மிகுந்த அடுக்குக் குடியிருப்புகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென 1901-இல் ஒரு சட்டம் வந்தது. 1929-ஆம் ஆண்டுச் சட்டமோ, நிலையாக வாழ்வோரின் கட்டடங்களையும் தங்கிச் செல்வோரின் கட்டடங்களையும் தனித்தனியே வகைப்படுத்தியது. தொடக்கத்தில் உயிர்ப் பாதுகாப்பே சட்டத்தின் கவலையாக இருந்தது என்பதை நாம் கருத வேண்டும்.

2008-இல் ஏர்பிஎன்பி தோன்றியபின் அந்த எல்லைக்கோடு மங்கலாயிற்று. அடுக்குக் குடியிருப்புகளில், குடியிருப்பவர் உடனில்லாமல் 30 நாட்களுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடலாகாது என மாநிலம் 2010-இல் தெளிவுபடுத்தியது. சட்டம் இருந்தது, அதற்குக் கண் இல்லை. எந்த வீட்டில் எவர் தங்குகிறார் என்பதை நிறுவனம் அறியும். நகர நிர்வாகம் அறியாது. ஆய்வாளர்கள் புகார் வந்த கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தனர். மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2014 அறிக்கை, ஆராய்ந்த இடங்களில் 72 விழுக்காடு சட்டத்தை மீறியவையாகத் தோன்றுகின்றன என்றது. வீடு விட்டோரில் 6 விழுக்காட்டினரே 37 விழுக்காடு வருவாயைப் பெற்றனர் என்பதும் அதில் வெளிப்பட்டது.

2022-இல் இயற்றப்பட்ட 18-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், 2023 செப்டம்பர் 5 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. 145 டாலர் செலுத்தி வீட்டைப் பதிய வேண்டும்; விடுபவர் உடனிருக்க வேண்டும்; விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது; உள்ளறைகளைப் பூட்டலாகாது. எல்லாவற்றினும் முதன்மையானது வேறொன்று: பதிவைச் சரிபாராமல் பணம் கைமாறச் செய்தால், அந்த இணைய நிறுவனமே தண்டம் இறுக்க வேண்டும். காவல் பொறுப்பு கதவிலிருந்து கல்லாவுக்கு மாறியது. பல்லாயிரம் குறுகியகால அறிவிப்புகள் மறைந்தன.

ஆயினும் வாடகை குறைந்துவிடவில்லை. பல வீடுகளை வளைத்துப்போட்ட வணிகருக்கும், கடன் தவணைக்காகத் தம் இரட்டைக் குடும்ப வீட்டின் மாடியை விட்டு வந்த முதியவருக்கும் விதி ஒன்றே ஆயிற்று. பின்னவரின் முறையீட்டை நாம் எளிதில் ஒதுக்க இயலாது.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். இரவுதோறும் புதுமுகம் வரும் மாடிப்படியில் அண்டை வீட்டாரின் அச்சமும் மெய்யே. இருவர் நியாயத்தையும் ஒரே பதிவேட்டில் எழுதுவது எங்ஙனம்? நகரங்கள் இனி விடை காண வேண்டியது இவ்வினாவுக்கே.