நடு ஓட்டையின் அரசியல்

சில பழைய கிராமபோன்களின் சுழல்தட்டு நடுவே மூன்று அங்குல விட்டத்தில் ஒரு முண்டு நிற்கும். யாரோ பின்னாளில் மாட்டிவிட்ட உபரிச் சாமான் என்றே தோன்றும். இல்லை, கம்பெனியே வைத்ததுதான்.

சிகாகோவில் 1907இல் தொடங்கிய அரெட்டினோவின் வேலை இது. அதே ஊரில் யுனைடெட்டுக்கு ஒன்றரை அங்குலம், ஹார்மனிக்கு முக்கால், ஸ்டாண்டர்டுக்கு அதற்கும் சற்றுக் குறைவு. இவற்றில் பலவும் கடைகளில் சாமான் வாங்கியவர்களுக்கு இனாமாகவோ அடிமாட்டு விலைக்கோ போன மெஷின்கள். சும்மாவா கொடுப்பான்? சிறு ஓட்டைத் தட்டு இந்த முண்டில் இறங்காது. பிறகு வாழ்நாள் முழுக்க அவனிடமே இசைத்தட்டு வாங்கியாக வேண்டும். தட்டுகளோ பெரும்பாலும் கொலம்பியா கம்பெனி அச்சிட்டவை. அதே பாட்டு, அதே குரல். லேபிளும் ஓட்டையும்தான் வேறு. ஒலிக்கு இந்த முண்டால் இம்மியளவும் லாபமில்லை. சேகரிப்பாளர்கள் இதை 'வினோதம்' என்று ரசிப்பதில்தான் எனக்கு எரிச்சல்.

அகன்ற ஓட்டைத் தட்டைச் சாதாரண மெஷினில் ஓட்ட நடுவே ஒரு வளையம் செருகினால் போதும். எதிர்த்திசையில் அது நடக்காது. அரெட்டினோவைத் தொடங்கிய ஆர்தர் ஓ'நீலின் இன்னொரு சரக்கான 'பிஸி பீ'யில் முண்டு இல்லை, சுழல்தட்டில் ஒரு துருத்தல். அது நுழைய அவர்கள் தட்டில் மட்டும் இரண்டாவதாக ஒரு வெட்டு.