நிற்பதற்காக அகன்ற படகு

கயாக் உட்கார்ந்து செலுத்துவதற்கென்றே பிறந்த படகு. கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டைக்காரர்கள் மரச்சட்டத்தின்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து அதைச் செய்தார்கள். நீளம், செய்பவன் இரு கைகளையும் விரித்த அளவில் மும்மடங்கு. அகலம், அவன் இடுப்போடு இரண்டு கைமுட்டிகளைச் சேர்த்த அளவு என்று மரபுக் கணக்கொன்று சொல்லப்படுவதுண்டு. ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்ளலாம். ஒருவனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போன்றது அது. அப்படகு கவிழாமல் இருந்ததற்குக் காரணம் அதன் வடிவத்தைவிட, உள்ளே இருந்தவனின் இடுப்பும் துடுப்பும்தான். கவிழ்ந்தாலும் துடுப்பால் நீரை உந்தி நிமிரும் வித்தையை அவன் கற்றிருந்தான்.

இந்தத் திறமைக்கும் ஓர் எல்லை இருந்தது. காற்றில்லாத நாளில், கண்ணாடி போன்ற நீரில், வெயில் கண்ணைக் கூச, சீலுக்காக அசையாமல் காத்திருக்கும் வேளையில் தேர்ந்த வேட்டைக்காரனுக்கே தலை சுற்றும். படகு சாய்வதாகத் தோன்றும், கைகால் இயங்காது. ‘கயாக் மயக்கம்’ எனப்பட்ட இந்நிலையை டேனிஷ் மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு ஆளானவர்களில் சிலர் பிறகு கடலுக்குப் போகவே அஞ்சினார்கள். உடலை நம்பிய சமநிலை, உடல் அசைவற்றிருக்கும்போது கைவிட்டுவிடுகிறது.

இப்படிப்பட்ட படகில் ஒருவன் எழுந்து நிற்க விரும்பினால் என்ன ஆகும்? ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் பூச்சித் தூண்டில்காரர்கள் விரும்பியது இதைத்தான். அவர்கள் வீசுவது இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சி. அதற்கு எடை இல்லாததால் தடித்த தூண்டில் கயிற்றின் எடையே வீச்சைக் கொண்டுசெல்கிறது. கயிறு முதலில் பின்புறம் நீண்டு விரிந்து, பிறகே முன்னே பாய வேண்டும். தாழ உட்கார்ந்திருப்பவனின் கயிறு பின்னால் நீரைத் தொட்டுவிடும். இன்னொரு தேவையும் உண்டு. ஃப்ளோரிடா, லூசியானா, டெக்சஸ் கரைகளின் ஆழமற்ற நீரில் ரெட்ஃபிஷ் மீனை முதலில் கண்ணால் தேட வேண்டும். தாழ்ந்த கோணத்தில் நீர் வானத்தைத்தான் காட்டும். எழுந்து நின்றால் மீனைக் காட்டும்.

எழுந்து நிற்பதன் விலையைக் கணக்கிட உதவியவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. 1746இல் வெளியான தம் கப்பல் நூலில் அவர் ‘மெட்டாசென்டர்’ என்னும் கருத்தை விளக்கினார். ஈர்ப்புமையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை சாய்ந்த கலம் நிமிரும். மேலே போனால் கவிழும். கயாக்கில் பெரும்பாலும் படகைவிட மனிதனே கனம். அவன் எழுந்தால் அவனுடைய ஈர்ப்புமையம் அரை மீட்டருக்கும் மேல் உயர்கிறது. இதை ஈடுசெய்யும் எளிய வழி அகலம்தான். நீளமும் எடையும் மாறாதிருக்க, அகலத்தை இருமடங்காக்கினால் மெட்டாசென்டரை உயர்த்தும் அளவு எட்டு மடங்காகிறது.

1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மலிபு கடற்கரையில் டிம் நீமியர் மேலே உட்காரும் கயாக்கை உருவாக்கினார். மூடிய தட்டின்மேல் ஏறும் அலை, துளைகள் வழியே வடிந்துவிடும். தமிழ் வாசகருக்கு இந்த உத்தி புதிதாகத் தோன்றாது. கட்டுமரமும் நீரைத் தடுக்க முயல்வதில்லை. மரங்களின் இடுக்கு வழியே அதைப் போகவிடுகிறது. சோழமண்டலக் கரையில் கேட்ட அச்சொல்லை வில்லியம் டேம்பியர் 1697இல் வெளிவந்த தம் பயணநூலில் எழுதினார். பிற்காலத்தில் ஆங்கிலத்தில் அது பொருள் மாறி இரட்டை உடல் படகைக் குறிக்கலாயிற்று. அந்த இரட்டை உடலின் தத்துவம், மிதப்பை இரு ஓரங்களுக்கும் ஒதுக்குவது, 2000களில் கயாக்குக்குள்ளும் புகுந்தது. நேட்டிவ் வாட்டர்கிராஃப்டின் ‘அல்டிமேட்’ அடிப்புறத்தின் நடுவே குடைவு கொண்டது. 2009இல் வந்த ஹோபி ‘ப்ரோ ஆங்லர்’ 38 அங்குலம், அதாவது ஏறத்தாழ 97 சென்டிமீட்டர் அகலம். கிரீன்லாந்துப் படகைப் போல ஏறக்குறைய இருமடங்கு.

இந்த உறுதி இலவசமாகக் கிடைப்பதன்று. சாதனங்கள் பொருத்திய ப்ரோ ஆங்லரின் எடை 50 கிலோவைத் தாண்டும். இனுயிட் வேட்டைக்காரன் தன் படகைத் தனியாகத் தூக்கிச் சென்றான். இதற்குச் சக்கரம் வேண்டும். வேகமும் குறையும். அதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. தட்டையான அகன்ற அடிப்பகுதி நீர்மட்டத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அலை சாய்ந்தால் அதுவும் சாய்கிறது. அமைதியான நீரில் பாறைபோல் இருந்த படகு, ஓரளவுக்கு மேல் சாய்ந்ததும் முன்னறிவிப்பின்றிக் கவிழக்கூடும். சாயத் தொடங்கும்போது காட்டும் எதிர்ப்பும், மிகச் சாய்ந்தபின் காட்டும் எதிர்ப்பும் வேறுவேறு குணங்கள்.

ஆகவே கயாக் வாங்குபவர் அகலத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யலாகாது. உயிர்காப்புச் சட்டை அணிந்து, இடுப்பளவு நீரில் அதில் எழுந்து நின்று பார்க்க வேண்டும். திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும். ஓரத்தில் எடையை வைத்து, எந்த இடத்தில் படகு எச்சரிக்கிறது என்று அறிய வேண்டும். வேண்டுமென்றே விழுந்து, மீண்டும் ஏற முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். கயிறு சிக்காத வெறுமையான தட்டு இருக்கிறதா என்பது அதன்பிறகு.

பழைய கயாக்கில் சமநிலை மனிதனிடம் இருந்தது. புதியதில் அதன் பெரும்பகுதி படகிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மிச்சப் பகுதி எவ்வளவு என்று தெரிந்துகொண்டவரே அதில் எழுந்து நிற்கத் தகுதி பெற்றவர்.