பெயர் கேட்கும் நிறுவனம்: 'செகண்ட்ஸ்' படமும் ஒரு கறுப்புப் பட்டியலும்

பழைய திரைப்படம் ஒன்றைக் கதைக்காகவும் நடிப்புக்காகவும் பார்க்கிறோம். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடுகிறோம். ஆனால் சில படங்களின் வரலாறு அந்தப் பெயர்ப்பட்டியலில்தான் தங்கியிருக்கிறது. ஜான் ஃபிராங்கன்ஹைமர் இயக்கத்தில் 1966இல் வெளிவந்த 'செகண்ட்ஸ்' என்னும் அமெரிக்கப் படம் அத்தகையது. டேவிட் ஈலி 1963இல் எழுதிய நாவலைத் தழுவி லூயிஸ் ஜான் கார்லினோ இதன் திரைக்கதையை அமைத்தார். 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' (1962), 'செவன் டேஸ் இன் மே' (1964) ஆகியவற்றோடு சேர்த்து இதனை இயக்குநரின் 'அச்ச முப்படங்கள்' என விமரிசகர்கள் வகைப்படுத்துவர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க்கை அடுத்த ஸ்கார்ஸ்டேலில் வாழும் ஆர்தர் ஹாமில்ட்டன் நடுவயது கடந்த வங்கி அதிகாரி. வீடு, மனைவி, பதவி எல்லாம் உண்டு. வாழ்வில் மட்டும் சுவை இல்லை. இறந்துவிட்டதாக நம்பப்பட்ட நண்பர் சார்லி ஒருநாள் தொலைபேசியில் பேசுகிறார். ஒரு முகவரியும் கைக்கு வருகிறது. துணி தேய்க்கும் கடை, இறைச்சிக்கூடம் வழியாக ஹாமில்ட்டன் ஒரு மறைவான நிறுவனத்தை அடைகிறார். அங்கே அவருக்குப் போலி மரணம் ஏற்பாடு செய்யப்படுகிறது. வேறொருவரின் பிணம் அவருடைய பிணமாகிறது. அறுவை சிகிச்சையால் முகம் மாறுகிறது. டோனி வில்சன் என்ற பெயரில், கலிஃபோர்னியக் கடற்கரையில் ஓர் ஓவியராக அவர் மறுபிறவி எடுக்கிறார்.

நம் மரபில் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்றொரு கருத்துண்டு. மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்த யோகியே திருமூலர் என்பது நாம் அறிந்த தொன்மம். அங்கே உடலை மாற்றத் தூண்டியது மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களின்பால் எழுந்த இரக்கம். இங்கே உடலை மாற்றுவது ஒரு வணிகம். இரக்கத்தால் வந்த உடலில் திருமந்திரம் பிறந்தது. காசு கொடுத்துப் பெற்ற உடலில் வில்சனுக்கு எதுவும் பிறப்பதில்லை. விருந்தொன்றில் குடித்துவிட்டுத் தம் பழைய வாழ்வைப் பற்றி உளறுகிறார். சுற்றியிருந்தவர்களில் பலரும் தம்மைப் போன்ற மறுபிறவிகளே என அறிகிறார். பழைய மனைவியை அந்நியராகச் சென்று சந்திக்கிறார். இன்னொரு முகமும் இன்னொரு வாழ்வும் வேண்டும் என நிறுவனத்திடமே திரும்பி வருகிறார்.

நம் கட்டுரைக்குரிய இடம் இதுவே. புதிய வாழ்வு கேட்டுத் திரும்பியவர்களைப் பெரியதோர் அறையில் உட்காரவைத்து நிறுவனம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறது: ஒரு பெயர். வாடிக்கையாளராக வரக்கூடிய வேறொருவரின் பெயர். சார்லியும் அங்கே அமர்ந்திருக்கிறார். ஹாமில்ட்டனின் பெயரைத் தந்தவர் அவர்தான். வில்சன் யாருடைய பெயரையும் தருவதில்லை. பெயர் தராதவர் அடுத்த வாடிக்கையாளரின் போலி மரணத்துக்கு வேண்டிய பிணமாகிறார்.

1966இல் இக்காட்சியில் நடித்தவர்களுக்கு, 'ஒரு பெயர் சொல்' என்பது வெறும் கற்பனை வசனமாக இருந்திருக்க முடியாது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள்' விசாரணைக் குழு 1947இல் ஹாலிவுட்டின் பக்கம் திரும்பியது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறை சென்றனர். 1951இல் விசாரணை மீண்டும் தொடங்கியது. கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா என்பது முதற்கேள்வி. உடன் இருந்தவர் யார் என்பது அடுத்த கேள்வி. பெயர்களிற் பெரும்பாலானவை குழுவுக்கு முன்பே தெரியும். குழுவுக்கு வேண்டியிருந்தது தகவலன்று, சொல்பவரின் பணிவு. சொன்னவர்க்குப் பெரும்பாலும் வேலை திரும்பக் கிடைத்தது. மறுத்தவரின் பெயர் எழுதப்படாத கறுப்புப் பட்டியலில் ஏறியது.

இனிப் 'செகண்ட்ஸ்' படத்தின் பெயர்ப்பட்டியலைப் படிப்போம். வில்சனாக மாறுவதற்கு முந்தைய ஹாமில்ட்டனாக நடித்தவர் ஜான் ராண்டால்ஃப். 1955இல் அக்குழுவின் முன் பெயர் சொல்ல மறுத்தவர். நியூயார்க் நாடகமேடை அவரைக் கைவிடவில்லை. ஹாலிவுட் கதவு மூடியே இருந்தது. அது அவருக்கு மீண்டும் திறந்தது இந்தப் படத்தில்தான். நிறுவன அதிகாரி ரூபியாக, கோழிக்கறியைச் சுவைத்துக்கொண்டே மரண ஏற்பாடுகளை விவரிப்பவர் ஜெஃப் கோரி. 1951இல் மறுத்தவர். வாய்ப்பிழந்த ஆண்டுகளில் நடிப்பாசிரியராக வாழ்ந்தார். ஜாக் நிக்கல்சன் அவரிடம் பயின்றவர். நிறுவனத்தைத் தோற்றுவித்த கனிவான முதியவராக வருபவர் வில் கீர். அவரும் 1951இல் மறுத்தவர். தாவரவியல் பயின்ற அவர், டோபாங்கா மலைப்பகுதியில் தம் நிலத்தில் தோட்டமும் திறந்தவெளி அரங்கும் அமைத்துக் காலம் கழித்தார்.

சிறு வேடத்தில் வரும் நெட்ரிக் யங் பட்டியலில் நான்காமவர். தடைக்காலத்தில் நேதன் டக்ளஸ் என்ற புனைபெயரில் 'தி டிஃபயன்ட் ஒன்ஸ்' (1958) படத்தின் திரைக்கதையை மற்றொருவரோடு இணைந்து எழுதி ஆஸ்கர் விருது பெற்றவர். அப்படத்தின் தொடக்கத்தில் அவரே லாரியில் அமர்ந்து வருகிறார். அவர் உருவத்தின்மீதே அவருடைய பொய்ப்பெயர் தோன்றுகிறது.

வில்சனாக நடித்த ராக் ஹட்சனுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1925இல் பிறந்தபோது அவர் பெயர் ராய் ஷெரர். 'ராக் ஹட்சன்' என்பது திரையுலகம் சூட்டிய பெயர். தாம் தற்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்தே காதல் நாயகனாக வாழ நேர்ந்தது. எய்ட்ஸ் நோயால் 1985இல் அவர் மறைந்த ஆண்டில்தான் உலகம் அதனை அறிந்தது. தமக்கெனத் தயாரித்துத் தரப்பட்ட வாழ்வுக்குள் மூச்சுத்திணறும் ஓவியரை அவர் அவ்வளவு இயல்பாக நடித்ததில் வியப்பில்லை.

இயக்குநர் கறுப்புப் பட்டியலை மனத்திற்கொண்டே இக்கதையை எடுத்தார் என்று நாம் வாதிட வரவில்லை. வில்சனைத் தியாகி ஆக்கவும் முடியாது. கோரியும் கீரும் விளைவு தெரிந்தே மறுத்தனர். வில்சனுக்கோ விளைவு தெரியாது. தம்மைத் தவிர வேறொருவரைப் பற்றி எண்ணும் பொறுமையும் இல்லை. இவ்வேறுபாட்டை மறந்தால் வரலாற்றுக்கும் கதைக்கும் சேர்த்தே தவறிழைப்போம். ஆயினும் நிறுவனம் இயங்கும் முறை ஒன்றே. ஒருவரின் மீட்புக்கு இன்னொருவரின் பெயரை விலையாகக் கேட்கும் எந்த அமைப்பும் இறுதியில் பிணங்களைக் கொண்டே தன்னை நடத்திக்கொள்ளும். கொடுமை யாதெனில், அதனை நடத்துபவர் கொடியவராகத் தோன்ற வேண்டியதில்லை. வில் கீரின் முதியவர் வில்சனின் படுக்கையருகே அமர்ந்து, தாம் மனிதர்க்கு உதவவே விரும்பியதாக உண்மையான வருத்தத்துடன் பேசுகிறார். அடுத்து அறுவை மேசை, வாயடைக்கப்பட்ட வில்சன், துளைக்கருவி.

வெளிவந்தபோது படம் வணிகத்தில் தோற்றது. கான் விழாவிலும் வரவேற்பில்லை. ஜேம்ஸ் வாங் ஹோவின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு மட்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. அகலக் கோண வில்லைகளால் முகங்களை வளைத்துக் காட்டிய அவர் கண்ணை இன்றும் வியக்கிறோம். 2015இல் இப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

புதிய பெயர், புதிய முகம் என்னும் வாக்குறுதி மனிதனைக் கொல்லும் என்பது கதை சொல்லும் செய்தி. ராண்டால்ஃப், கோரி, கீர், யங் ஆகிய நால்வரின் மறுதொடக்கமோ நேர்மாறானது. அவர்கள் வேண்டியது புதிய பெயரை அன்று. தாய்தந்தையர் இட்டதோ தாமே சூடிக்கொண்டதோ, தம்முடையதென்று உலகறிந்த பெயரைத் திரையில் மீண்டும் காண்பதையே. முகம் அழிக்கப்படும் மனிதனின் கதையில் அவர்கள் தம் முகத்தோடும் பெயரோடும் திரும்பி வந்தார்கள். அடுத்த முறை இப்படத்தைப் பார்க்கும்போது பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை நாம் அமர்ந்திருப்போம். அந்த நால்வர் இழந்த ஆண்டுகளுக்கு நாம் செய்யக்கூடிய சிறு மரியாதை அது.