பாட்டில் பேசும் ‘நான்’ யாருக்கு உரியது? ஜொகூர் ராக் இசையும் தமிழ்ப் பாடலும்

கலைஞன் தன் கலையைப் பற்றிப் பாடும் பாடல்களைப் பாடகனின் வாக்குமூலமாகக் கொள்வது விளக்கவுரைகளில் வழக்கமாகிவிட்டது. இந்த வாசிப்பு படைப்பின் உரிமைப் பங்கீட்டை மறைக்கிறது. பாட்டில் பேசுபவன் யார் என்பதோடு, அந்தக் குரல்மீது யாருக்கு உரிமை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் பழைய பாட்டு மரபு இதற்கு நேரான விடை வைத்திருந்தது. சம்பந்தர் பதிக இறுதியில் திருக்கடைக்காப்பாகத் தம் பெயரை வைத்தார். கீர்த்தனை இயற்றியோர் முத்திரை பதித்தனர். எவர் பாடினாலும் பாட்டு இன்னாருடையது என்பதைப் பாட்டே சொன்னது. திரைப்பாடலில் அந்த முத்திரைக்கு இடமில்லை.

‘நிழல்கள்’ (1980) படத்தின் ‘மடை திறந்து’ பாடலில், வாய்ப்புத் தேடும் இசைக்கலைஞன் தன் வெற்றியைக் கனவு காண்கிறான். வாலி எழுதினார், இளையராஜா இசையமைத்தார், எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடினார், சந்திரசேகர் வாயசைத்தார். நால்வர் சேர்ந்து உருவாக்கிய ‘நான்’ அது. சட்டமோ ஐந்தாமவரைக் காட்டியது. தயாரிப்பாளர் பணம் கொடுத்துச் செய்வித்த பாடலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையேல், அவரே முதல் உரிமையாளர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்திருந்தது. கவிஞரும் இசையமைப்பாளரும் ராயல்டி உரிமையை விட்டுக்கொடுக்க இயலாதபடி சட்டம் திருத்தப்பட்டது 2012இல்தான். தன் இசையால் உலகை ஆளப்போவதாகக் களிக்கும் கலைஞனின் பாட்டு, அதைப் படைத்தவர்களுக்கே முழுதாக உரியதாக இல்லை.

மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழுவினர் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பில் இதே பாடலை ராப்பாக மீட்டெடுத்தனர். நன்னூலின் கண்கொண்டு பார்த்தால் இது வழிநூல்: முதல்நூலை ஏற்றுக்கொண்டு தன் கூற்றையும் சேர்ப்பது. ராப் பாடுவோர் தம் வரிகளைத் தாமே எழுதுவதும் தம் பெயரைப் பாட்டிலேயே சொல்வதும் அக்கலையின் வழக்கம். திரைப்பாடல் இழந்த முத்திரை இவ்வகையில் திரும்பி வந்தது. ஆயினும் முத்திரை படைப்பாளியைக் காட்டுமேயன்றி, மூலத்தின் உரிமையைத் தந்துவிடாது.

அதே மலேசியாவின் ஜொகூர் பாருவில் 1981இல் தோன்றிய ‘செர்ச்’ ராக் குழு இச்சிக்கலின் மறுமுனை. 1989இல் வெளிவந்த அக்குழுவின் ‘இசபெல்லா’ பாடலை, அதைப் பாடிய ஏமியின் பாட்டாகவே மக்கள் அறிவர், வரிகளோ பாப் லொக்மானுடையவை. 1992இல் அரசுத் தொலைக்காட்சி நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களுக்குக் கதவடைத்தபோது விலையாகப் போனது பாடகனின் தலைமுடி. 1987ஆம் ஆண்டின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துவோர் உரிமை சேர்ந்ததோ 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில். பழி வரும்போது பாடகன் முன்வரிசை, பங்கு பிரிக்கும்போது கடைசி வரிசை. பின்னாளில் ‘செர்ச்’ என்னும் பெயர் யாருக்கு என்பதே உறுப்பினரிடையே வழக்காயிற்று. ராக் இசையில் குழுவின் பெயரே முத்திரை. அது வரிக்குள் இல்லாமல் வணிகக் குறியாக வெளியே நிற்கிறது. அதனால்தான் அதைத் தனியே பிரித்து உரிமை கோர முடிகிறது.

ரசிகன் சட்டம் பார்த்தா பாட்டுக் கேட்கிறான் என்று மறுக்கலாம். கேட்பவனுக்கு அது தேவையில்லை, விளக்குபவனுக்குத் தேவை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் எழுதிய ‘என் பாட்டு’ என்னும் சொல், உடைமையை அறிவிக்கும் கூற்றாகாது. உடைமையைக் கோரும் கூற்றாகும். கலைஞர்களைப் பற்றிய பாடல்களை வாழ்க்கைக் குறிப்பாக அல்லாமல் வழக்குரையாகப் படித்தால், பாட்டின் பெருமிதத்துக்குள் இருக்கும் முறையீடும் விளங்கும்.